எல்லா முகத்துக்கும் ஒரே அளவு

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, படுத்தால் தூக்கம் வருகிற மனசோடு நீ இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை, அதனால் இருக்கிறோம் என்று எழுதுகிறேன். காலமெல்லாம் ஆபீசில் மற்றவர்கள் சொல்லச் சொல்லத் தட்டச்சு அடித்தே பழகியவள் நான், சொந்தமாக நாலு வரி எழுத உட்கார்ந்தால் எந்தப் பக்கம் தொடங்குவது என்று தெரியவில்லை. போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்லிவிடுகிறாய். அதோடு உன் அக்கா இப்போது கூடத்தில்தான் படுக்கிறாள், அவள் காதில் விழாமல் பேச இந்த வீட்டில் ஒரு மூலை கிடையாது. கடிதம் என்றால் நீ கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும், நடுவில் மறிக்க முடியாது.

அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், தபால்காரர் முதல் தண்ணீர்க் கேன் போடுகிறவர் வரை எல்லோரும் தன்னைப் பார்த்துப் பயப்படுவதாக அவருக்கு ஒரு பெருமை. லாரி ஓட்டின காலத்தில் இந்தக் கண்ணாடி இருந்திருந்தால் எந்தப் போலீஸும் நிறுத்தியிருக்கமாட்டான் என்கிறார். இடது கண்ணை அடுத்து எடுக்கலாம் என்றால் இப்போது வேண்டாம், வீட்டில் ஒரு நோயாளி போதும் என்கிறார். மாடிக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது, ஆள் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி நாள் கடத்துகிறான். பரவாயில்லை, மாடிக்கு இப்போது யார் போகிறார்கள். உன் அக்காவின் கட்டிலை அப்பாதான் கழற்றி, ஒவ்வொரு பலகையாகக் கீழே கொண்டுவந்து கூடத்தில் பூட்டினார். கண் ஆபரேஷன் ஆனவர் கனம் தூக்கக்கூடாது என்று நான் கத்தினேன், காதே கேட்காதவர் மாதிரி வேலையைப் பார்த்தார்.

அவள் உன்னோடு சரியாகப் பேசுவதில்லை, ரெண்டு வார்த்தையில் போனை வைத்துவிடுகிறாள், நீ சொன்ன யோசனையை மனசில் வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்குகிறாள் என்று போனமுறை வருத்தப்பட்டாய். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அவளுக்குக் கோபம் இல்லையடா, மூச்சு இல்லை. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் நிற்கவேண்டியிருக்கிறது, ஐந்தாவது வார்த்தைக்கு இருமல் வந்துவிடுகிறது, அது உன் காதில் விழக்கூடாது என்றுதான் சட்டென்று வைத்துவிடுகிறாள். "தம்பி அங்க தனியா இருக்கான், கேட்டா பயந்துருவான்" என்கிறாள். நுரையீரலுக்குள் தோல் வெந்து ஆறின மாதிரி ஆகிவிட்டது, பழையபடி ஆகாது, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரே மூச்சில் மாடி ஏறி அங்கிருந்தே என்னைத் திட்டுகிறவள், டவலைக் காயப்போடத் தெரியாதா, கேஸை அணைக்கத் தெரியாதா என்று அவள் போடுகிற சத்தம் தெருவுக்கே கேட்கும். இப்போது வீடு கிடக்கிற அமைதியில், அவள் எழுந்து நின்று என்னை நாலு திட்டு திட்டினால் தேவலை என்றிருக்கிறது. இனி நீ போன் செய்தால் நீயே பேசு. உன் சமையல், உன் ஆபீஸ், உன் அறைக்காரன் விடுகிற குறட்டை, எதையாவது பேசு. அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

நடந்தது என்ன என்று உனக்கு முழுசாகத் தெரியாது. நீ கேட்டதெல்லாம் உன் சிநேகிதன் சொன்னது. காலேஜில் உன்னோடு படித்து, பாதி நாள் நம் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன், அதே ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறவன், அவன் சொன்னதை நீ நம்பினதில் தப்பில்லை. அவனும் அன்றைக்கு மேலதிகாரிகள் என்ன பேசிக்கொண்டார்களோ அதைத்தான் உன்னிடம் சொன்னான். உன் அக்கா முகக்கவசத்தைக் கழற்றிவிட்டாள், அதனால்தான் வாயு ஏறிவிட்டது, இதுதானே நீ கேட்டது? இப்போது நான் சொல்கிறதைக் கேள். இயந்திரம், வாயு எல்லாம் உனக்குத் தெரியாததா, ஆனாலும் நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன்.

அந்த ஆலையில் தண்ணீரைச் சுத்தம் செய்கிற மருந்து தயாரிக்கிறார்கள், அதற்குக் குளோரின் வாயு குழாயில் வருகிறது. அந்த வாயு இருக்கிற பிரிவுக்குத்தான் மதிப்பு. அங்கே சில வருஷம் ஓட்டினவர்களுக்குத்தான் ஷிப்டுப் பொறுப்பு, பிறகு பிரிவுப் பொறுப்பு, பிறகு அதற்கும் மேலே. பெண்களை அதற்குள் விடவே அவர்களுக்கு வெகுநாள் மனசு வரவில்லை. உன் அக்காதான் கேட்டுக் கேட்டு, சண்டை போட்டு, முதலில் உள்ளே போனவள். அவளுக்குப் பின்னால் நாலு பெண்கள் வந்தார்கள். வாயு கசிந்தால் போட்டுக்கொள்ள முகம் முழுக்க மூடுகிற முகக்கவசம் உண்டு, அது ஒரே அளவுதான். அவள் முகம்தான் உனக்குத் தெரியுமே, சின்ன வயசில் குருவி என்று கூப்பிட்டது சும்மாவா? தாடைப் பக்கம் இடைவெளி விடுகிறது, சின்ன அளவு வாங்கித் தாருங்கள் என்று ஸ்டோரில் கேட்டிருக்கிறாள். "மேடம், முகத்தைக் கொஞ்சம் வளர்த்துக்கிட்டு வாங்க" என்றாராம் ஸ்டோர்க்காரர், எல்லோரும் சிரித்தார்களாம், அவளும் சேர்ந்து சிரித்தாளாம். சிரிக்காவிட்டால் இவளுக்குத் தமாஷ் புரியாது, இவளோடு வேலை செய்யமுடியாது என்பார்களே, அதற்காக. மேலதிகாரிகளிடம் கேட்டாள், வாரை இறுக்கிக்கொள்ளச் சொன்னார்கள். இறுக்கி இறுக்கிக் கன்னத்தில் பட்டைபட்டையாகத் தடத்தோடு வருவாள், நான் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவேன்.

கசிவு வந்த அன்றைக்கு வால்வை மூட ரெண்டு பேர் உள்ளே போனார்கள், இவளும், அவர்கள் வால்வு அண்ணன் என்று கூப்பிடுகிற ஆபரேட்டரும். ரெண்டு பேருக்கும் ஒரே அளவு முகக்கவசம். அவர் வால்வைப் பிடித்துக்கொள்ள, இவள் திருகினாள். பாதியில் கண் எரிகிறது, தொண்டை அடைக்கிறது என்று இவளுக்குத் தெரிந்துவிட்டது. விட்டுவிட்டு வெளியே ஓடியிருக்கலாம். ஓடினால் பக்கத்துக் கொட்டகையில் வேலை செய்கிறவர்கள் கதி என்ன என்று முழுசாக மூடிவிட்டுத்தான் விழுந்தாள். அவர்தான் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவருக்கு ஒரு தும்மல்கூட இல்லை. அதுவே ஆலைக்காரர்களுக்குப் போதுமானதாகப் போயிற்று. ஒரே மாதிரி முகக்கவசம், ஒரே இடம், ஆணுக்கு ஒன்றும் ஆகவில்லை, பெண்ணுக்கு ஆகிவிட்டது என்றால் பதறிப்போய்க் கழற்றியிருக்கிறாள், வேறென்ன? ஆலையில் வைத்த விசாரணையில் வால்வு அண்ணன் எழுந்து நின்று, "அவங்க கழட்டல சார், நான் பக்கத்துலயே நின்னேன்" என்று சொன்னார். விசாரித்தவர்களில் ஒருவர், "முழு நேரமும் அவங்க முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தீங்களா?" என்று கேட்டார். பாவம், அவர் உண்மையான மனுஷன். "வால்வைப் பாத்தேன் சார்" என்று சொல்லிவிட்டார். அதோடு அவர் பேச்சு அடிபட்டுப் போயிற்று.

அப்போதுதான் நீ கூப்பிட்டாய். கழற்றினேன் என்று ஒத்துக்கொள்ளச் சொல், வைத்தியத்தைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும், வேலையும் போகாது, எதிர்த்து நின்றால் இந்தத் துறையிலேயே பேர் கெட்டுவிடும், சண்டைக்காரி என்றால் வேறு எங்கும் எடுக்கமாட்டார்கள் என்றாய். நீ சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அவளிடம் சொன்னேன். அப்போது ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு இருந்தாள். விட்டு விட்டு, "கழட்டாததைக் கழட்டினேன்னு சொன்னா... நாளைக்கு அதைப் போடுறவ... எதை நம்பிப் போடுவா?" என்றாள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. உன் அத்தை மட்டும் பழத்தோடு பார்க்க வந்து, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த கேஸ் வேலை, டீச்சர் வேலைக்குப் போயிருந்தா இப்படி ஆகுமா" என்று ஆரம்பித்தாள். "உங்க பையன் ரோட்டுல விழுந்து கால் ஒடஞ்சப்ப, ஆம்பளைக்கு எதுக்கு ரோடுன்னு நான் கேட்டேனா?" என்றேன். அன்றிலிருந்து அத்தைக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நீ பேசும்போது சமாதானமாக ரெண்டு வார்த்தை சொல்லிவை.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அந்த முகக்கவசத்தைப் பெண்களுக்குப் போட்டுச் சோதித்துப் பாருங்கள் என்று. தட்டிக்கழித்துப் பார்த்தார்கள், உன் சிநேகிதன்தான் மேலே பேசி ஏற்பாடு செய்தான், அதை நான் மறக்கமாட்டேன். அவளைத் தனியாக அனுப்ப டாக்டர் சம்மதிக்கவில்லை, மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். நீளமான மேஜை போட்ட அறை, ஜன்னல் முழுக்க அடைத்திருந்தது. சோதனை வேறொன்றும் இல்லை. முகக்கவசத்தைப் போட்டதும் தலைக்கு மேலே பிளாஸ்டிக் கூடு ஒன்றைக் கவிழ்க்கிறார்கள், அதற்குள் வாழைப்பழ வாசனை அடிக்கிற ஒரு மருந்தைத் தொட்ட காகிதத்தை வைக்கிறார்கள். முகக்கவசம் ஒட்டி உட்கார்ந்திருந்தால் வாசனை உள்ளே வராது, இடைவெளி இருந்தால் வந்துவிடும். தலையைத் திருப்பச் சொல்கிறார்கள், குனியச் சொல்கிறார்கள், சத்தமாக எண்ணச் சொல்கிறார்கள். ஆலை மேலாளர் சிரித்துக்கொண்டே, "முடிஞ்சதும் மிச்சப் பழத்தை என் ரூமுக்கு அனுப்பிடுங்க" என்றார். முதலில் ஆண்கள் சிலர் போட்டார்கள், ஒருவருக்கும் வாசனை வரவில்லை. அடுத்தது பெண்கள். முதல் பெண் எண்ண ஆரம்பித்தவள் நடுவில் நிறுத்தி, "வாழைப்பழம்" என்றாள். ரெண்டாவது பெண் எண்ண ஆரம்பிக்கவே இல்லை, கையைத் தூக்கிவிட்டாள். மூன்றாவது பெண் மேலாளர் முகத்தைப் பார்த்தாள், உன் அக்காவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "வருது சார்" என்றாள், பழத்தைத் திருடித் தின்றவள் ஒத்துக்கொள்கிற மாதிரி. நாலாவது பெண்ணுக்குத் தாடை நல்ல அகலம், ஓங்குதாங்கான ஆள், அவள் மட்டும் நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு வரல" என்றாள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. அறையில் யாரும் சிரிக்கவில்லை. உன் சிநேகிதன் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும்போது வண்டியில் அவள் அழுதாள். உன் பக்கம்தான் நியாயம் என்று ஆகிவிட்டதே, எதற்கு அழுகிறாய் என்றேன். "எனக்கே சந்தேகம் வந்துருச்சும்மா" என்றாள், மூச்சை எடுத்துக்கொண்டு, "ஒருவேளை நான்தான் கழட்டித் தொலைச்சேனோன்னு." எத்தனை பேர் எத்தனை தடவை சொல்லியிருந்தால், தான் செய்யாததைச் செய்தோமோ என்று ஒருத்திக்கே தோன்றும், நீயே யோசித்துப்பார். நான் அன்றைக்கு, போகட்டும், விடிந்துவிட்டது என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல.

கொஞ்ச நாளில் ஆலையிலிருந்து உத்தரவு வந்தது. பெண்களின் பாதுகாப்பைக் கருதி, மறு உத்தரவு வரும்வரை வாயுப் பிரிவில் பெண்கள் யாரும் வேலை செய்யவேண்டியதில்லை. சின்ன அளவு முகக்கவசம் வாங்குவது பரிசீலனையில் இருக்கிறது. உன் அக்காவுக்கு நேர்ந்ததற்குக் காரணம் உறுதியாகவில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான், அதிலும் கொளுத்தினது நம் வீட்டை. நாலு பெண்களையும் பாட்டிலில் கொஞ்சம் மருந்தைப் பிடித்துச் சோதித்துப் பார்க்கிற வேலைக்கும் கணக்கு எழுதுகிற வேலைக்கும் மாற்றிவிட்டார்கள். சம்பளத்தில் கை வைக்கவில்லை, அதனால் கேட்கிறவர்களுக்கு இது தண்டனையாகவே தெரியாது. ஆனால் அந்தப் பிரிவில் இல்லாதவர்களுக்கு மேலே போக வழி இல்லை, அது அங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

அந்த அகலத் தாடைக்காரப் பெண் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எனக்குத்தான் சரியாப் பொருந்துச்சே, என்னை எதுக்கு மாத்தினாங்க? அடுத்த தடவை ஷிப்டுப் பொறுப்பு எனக்குத்தான் வரணும். நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா நாங்களாவது பொழச்சிருப்போம்" என்று கூடத்தில் நின்று சத்தம் போட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த கரண்டியோடு போனேன், அப்பா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். உன் அக்கா முழுசாகக் கேட்டாள். பதில் சொல்ல வாய் திறந்தாள், இருமல் வந்தது, அது அடங்குகிறவரை அந்தப் பெண் நின்றுகொண்டே இருந்தாள், இவ்வளவு மோசம் என்று அவள் அதுவரை பார்த்ததில்லை போல. அடங்கின பிறகு உன் அக்கா, "கோபப்படு... என் மேல மட்டும் படாத" என்றாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. நான் டீ போட்டேன், குடிக்காமல் போய்விட்டாள்.

ஆனால் திரும்பி வந்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, கேட்கிற ஜாதியும் இல்லை அவள். செருப்பை வெளியே விட்டுவிட்டு உட்கார்ந்தாள், ரெண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள், பெரும்பாலும் அவள்தான் பேசினாள். இப்போது தொழிற்சாலைகளைப் பார்க்கிற அரசாங்க ஆய்வாளரிடம் போயிருக்கிறார்கள். வேலையிலிருந்து விலக்காதே, அளவான முகக்கவசம் வாங்கு, இவள் கழற்றவில்லை என்று எழுது, இதுதான் கேட்பது. உன் அக்காவால் நின்று பேசமுடியாது என்பதால் அந்தப் பெண்தான் பேசப்போகிறாள். நாலு பேரில் மூன்று பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள். தரையைப் பார்த்துச் சொன்னாளே, அந்தப் பெண் விலகிக்கொண்டாள், வீட்டில் வேண்டாம் என்றார்களாம். அவளை யாரும் குறை சொல்லவில்லை. ஜெயிக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, இருக்கிறது என்று எழுதினால் அது பொய். ஜெயித்தாலும் உன் அக்கா அந்தப் பிரிவுக்குள் இனி கால் வைக்கமுடியாது, டாக்டர் திட்டமாகச் சொல்லிவிட்டார். தான் நுழைய முடியாத கதவுக்காகத்தான் அவள் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இப்போது நான் எதற்கு எழுத உட்கார்ந்தேனோ அதற்கு வருகிறேன். போனவாரம் உன் சிநேகிதன் வந்தான். எப்போது வந்தாலும் எழுந்து தோளில் தட்டிக் கூப்பிடுகிற உன் அப்பா எழுந்திருக்கவில்லை, கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அம்மா, நான் எழுதின அறிக்கையில மூணு பேருக்கு வாசனை வந்துச்சுன்னு தெளிவா இருந்துச்சு, சின்ன அளவு வாங்கணும்னும் எழுதினேன், மேல போய்த் திரும்பி வந்ததுல அந்தப் பக்கமே இல்ல" என்றான். இதை ஆய்வாளர் முன்னால் சொல்வாயா என்று கேட்டேன். வீட்டுக் கடன் இருக்கிறது, இப்போதுதான் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறேன், அவர்களுக்குத் தெரிந்தால் என்னை வைத்திருக்கமாட்டார்கள் என்றான். உன் அக்கா கட்டிலில் இருந்தபடியே அவனிடம், "வீட்டுக்குப் போ, இருட்டிருச்சு" என்றாள், அதில் கோபம் இல்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அவனைத் திட்ட எனக்கும் வாய் வரவில்லை, என் கையால் சாப்பிட்டவன்.

அவன் சொன்னால்தான் இந்தப் பெண்கள் பேச்சு எடுபடும், சொல்லாவிட்டால் அவர்கள் எழுதி வைத்ததுதான் நிற்கும். எதைச் செய்வதானாலும் உன்னைக் கேட்டுத்தான் செய்வான், காலேஜில் எந்தப் பாடம் எடுப்பது என்பதில் இருந்து அப்படித்தானே? இன்றோ நாளையோ உன்னைக் கூப்பிடுவான். பேசாமல் இரு, பேர் கெட்டுவிடும், வேலையைப் பார் என்று அவனுக்கும் சொல்லிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. நீ கெட்டவன் இல்லை. அவன் நல்லதுக்குத்தான் சொல்வாய், அக்காவுக்கும் நல்லதை நினைத்துத்தான் சொன்னாய். இப்படி ஆளாளுக்கு ஒருத்தருக்கொருத்தர் நல்லதே சொல்லிச் சொல்லித்தான் அந்தக் கதவு சாத்திக் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று நான் உனக்குச் சொல்லித்தரப்போவதில்லை. அவன் வேலை போனால் என்ன ஆகும் என்பதையும் நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் அவன் கேட்கும்போது உடனே பதில் சொல்லிவிடாதே.

வேலை வேலை என்று வெறும் காபியைக் குடித்துக்கொண்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. குளிர்காலம் வருவதற்குள் நல்ல கம்பளிப் போர்வை வாங்கிக்கொள். அப்பா தன் ஆசீர்வாதத்தைச் சொல்லச் சொன்னார், கண் நன்றாகத் தெரிகிறது என்றும் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன், எவ்வளவு நிஜம் என்று தெரியாது. நீ நினைத்த காரியம் கைகூடவேண்டும், நீண்ட ஆயுளோடு, தலை குனியாமல் வாழவேண்டும். மாதக் கடைசியில் ஆய்வாளர் கூப்பிட்டிருக்கிறார், அதற்கு முன்னால் உன் சிநேகிதன் போன் வரும். எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதே.

பதிலுக்குக் காத்திருக்கும்
உன் அம்மா